தெருவில் கிடத்திய கிணறு

மோட்டாரக்கா காலை எட்டரை மணி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தோளில் ஒரு மோட்டார் இருந்தது. இரண்டு நாளாக டவுனில் உட்கார்ந்து அதன் எரிந்த காயிலுக்குப் புதுச் செம்புக்கம்பி சுற்றிவிட்டு வந்திருந்தாள். தூக்கமில்லை, குளியலில்லை, ஆனாலும் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்குத்தான் விசாரணை. ஒன்பது வருடமாகத் தெருவே வழிமேல் விழி வைத்துக் காத்திருந்த நாள்.

அவளுக்கு வயது நாற்பத்தைந்து. போர் கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கவும் ஏற்றவும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளை விட்டால் ஆளில்லை. "பொம்பளையாவது, மோட்டாராவது" என்று ஆரம்பத்தில் வாயைக் கோணியவர்கள் எல்லோரும் பிறகு தண்ணீர் நின்ற நாளில் அவள் வீட்டு வாசலில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்கள்தான். அவளும் லேசுப்பட்டவளில்லை, ஒரு பத்து நிமிடம் நிற்கவைத்துவிட்டுத்தான் ரெஞ்சைக் கையில் எடுப்பாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு மேலே அணை கட்டி, ஆற்றை ஆள் உயரக் குழாய்க்குள் திருப்பி, தூரத்து நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் குழாய் தெருவின் கடைசியில், விசாரணை நடக்கும் மன்றத்துக்குப் பின்புறமாகத்தான் போகிறது. காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். ஒரு சொட்டு இவர்களுக்குக் கிடையாது. ஆறு நின்றதும் கிணறுகள் இறங்க ஆரம்பித்தன. தெருவில் இருந்த ஆறு போர்களில் ஐந்து செத்துவிட்டன. மோட்டாரக்காவின் கணவர் அந்த நகரத்தில்தான் பஸ் ஓட்டுகிறார். "இன்னிக்கும் நம்ம தண்ணியிலதான் குளிச்சேன்" என்று போனில் சொல்லிச் சிரிப்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது புதுச் சட்டம் வந்திருந்தது. தண்ணீரைக் கொண்டுபோனதால் எங்கள் கிணறு இறங்கியது என்று நிரூபிக்கும் ஊருக்குப் பெரிய குழாயிலிருந்து ஒரு கிளைக்குழாய். தினமும் இவ்வளவு தண்ணீர் என்று நிரந்தரமாகப் பங்கு. நிரூபிப்பதுதான் தகராறு. குழாய் திறப்பதற்கு முன்னால் தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது, பின்னால் எத்தனை அடிக்குப் போனது என்று யார் எழுதி வைத்தார்கள்?

மோட்டாரக்கா எழுதி வைத்திருந்தாள். தண்ணீர் கீழே போகும்போதெல்லாம் மோட்டாரை இன்னும் ஆழத்துக்கு இறக்க வேண்டும். அதற்கு மேல்பக்கம் பத்தடிக் குழாய் ஒன்றைக் கூடுதலாக மாட்ட வேண்டும். மாட்டிய கையோடு தேதியையும், உள்ளே மொத்தம் எத்தனை குழாய் என்பதையும் மோட்டார் அறைக் கதவின் உள்பக்கத்தில் பென்சிலால் கிறுக்கிவிடுவாள். காகிதம் என்றால் அவளுக்கு அலர்ஜி. தெருக்கூட்டத்தில் எல்லோரும் கவலைப்பட்டபோது, "எல்லாம் எழுதி வச்சிருக்கேன், நிம்மதியாத் தூங்குங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தாள். எங்கே எழுதியிருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்திலிருந்து தெருவுக்குள் திரும்பியவள் நின்றுவிட்டாள். ஆறு மோட்டார் அறைகளின் கதவுகளும் நீல நிறத்தில் பளபளத்தன.

பேக்கரி வாசலில் கையெல்லாம் நீலமாக நாத்தனார் நின்றிருந்தாள். மோட்டாரக்காவின் கணவருக்குத் தங்கை, பேக்கரிக்காரரின் மனைவி, தெருச் சங்கத்தின் தலைவி. எதையும் அரைகுறையாகச் செய்வது அவள் ரத்தத்திலேயே கிடையாது.

"எப்படி இருக்கு அண்ணி? அதிகாரிங்க வர்ற நேரத்துல துருப்பிடிச்ச கதவும் அதுவுமா இருந்தா நம்மளை என்ன நினைப்பாங்க? ரெண்டு நாளா தெருவே சேந்து அடிச்சோம்."

மோட்டாரக்கா இன்னும் கதவுகளையே பார்த்தாள். "உள்பக்கமும் அடிச்சியா?"

"வெளிய மட்டும் அடிச்சிட்டு உள்ள அப்படியே விட்டா நல்லாவா இருக்கும்? உள்ள யாரோ என்னென்னமோ கிறுக்கி வச்சிருந்தாங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, சுத்தமா எடுத்துட்டுத்தான் அடிச்சேன்."

தோளிலிருந்த மோட்டார் தொப்பென்று தரையில் இறங்கியது. பெயிண்டைச் சுரண்டினால் எழுத்து கிடைக்கும் என்ற கடைசி நம்பிக்கையையும் அந்த உப்புத்தாள் தின்றிருந்தது. மோட்டாரக்கா நாத்தனாரையே பார்த்தாள். நாத்தனார் கதவைப் பார்த்தாள், அண்ணியின் காதில் செருகியிருந்த பென்சிலைப் பார்த்தாள்.

"அண்ணி... அந்தக் கிறுக்கலா?"

"அந்தக் கிறுக்கல்தான்."

"நோட்டுல எழுதி வச்சிருக்கீங்கன்னு நினைச்சேனே."

"நோட்டுன்னு நான் எப்போ சொன்னேன்?"

"கதவுன்னும் சொல்லலையே."

அதுவும் உண்மைதான். மேலே பேசினால் அடிதடியாகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மன்றத்தில் பதினொரு மணிக்கு அவர்கள் முறை வந்தது. விசாரணை அதிகாரி அறுபதை நெருங்கியவர், எதையும் இரண்டு தடவை படிக்கிறவர். பக்கத்து மேசையில் நீர் வாரியத்தின் இன்ஜினியர், இஸ்திரி கலையாத சட்டையில் ஓர் இளைஞர். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறதாம், ஆனால் பேச்சு அனுபவசாலிப் பேச்சு.

"நீர்மட்டம் இறங்கினதா இந்த ஊர்லேருந்து வாரியத்துக்கு இதுவரைக்கும் ஒரு தகவலும் வந்ததில்லை சார். வாரியத்துக்கு அப்படி ஒரு விஷயமே தெரியாது. போர் வத்திப்போறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்."

நாத்தனார் எழுந்து ஒன்பது வருடக் கஷ்டத்தையும் கொட்டித் தீர்த்தாள். குடத்தோடு நின்ற வரிசை, கருகிப்போன தோட்டம், ஊரைவிட்டே போன பதினாலு குடும்பம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றதை நான் நம்பலைன்னு சொல்லலைம்மா. எனக்கு எண் வேணும். முன்னாடி எத்தனை அடி, பின்னாடி எத்தனை அடி. இதுதான் கடைசி அமர்வு. மூணு மணிக்கு இந்தப் பகுதிப் பட்டியலை மூடிடுவேன். அப்புறம் திறக்க எனக்கே அதிகாரம் கிடையாது."

"எழுதி வச்சிருந்தோம் சார்" என்றாள் மோட்டாரக்கா. "எப்போ எத்தனை குழாய் இறக்கினோம்னு கதவுல. பெயிண்ட் அடிச்சிட்டோம்."

மன்றத்தில் யாரோ சிரித்துவிட்டு உடனே இருமினார்கள். இன்ஜினியர் மட்டும் சிரிப்பை மறைக்கவில்லை. "அப்படின்னா எத்தனை குழாய் உள்ள போச்சுன்னு கிணத்தைத்தான் கேக்கணும்."

சொன்னவர் தமாஷுக்குத்தான் சொன்னார். மோட்டாரக்காவுக்கோ உச்சந்தலையில் சுரீர் என்றது.

அவள் கதவில் மட்டுமா எழுதினாள்? குழாய் மாட்டிய ஆறாம் மாதமே, "போன வாரம் மாட்டினது, அதுக்குள்ள விரிசல் விட்டிருச்சு" என்று வாய் கூசாமல் சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்கள் வாயை அடைப்பதற்காக, உள்ளே இறக்கும் முன் ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் தேதியைச் சுட்டுவிடுவாள். கெட்டிப் பிளாஸ்டிக் குழாய், சுட்டால் சுட்டதுதான். கிணற்றுக்குள் போன பிறகு அதை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? அவளே மறந்திருந்தாள்.

"கேட்டுட்டாப் போச்சு சார்" என்றாள்.

அதிகாரிக்கு விஷயத்தை விளக்க ஐந்து நிமிடம் பிடித்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். அதுக்குள்ள காட்டுங்க."

வெளியே வந்ததும்தான் சிக்கல் உறைத்தது. செத்துப்போன ஐந்து போர்களிலிருந்தும் குழாய்களை எப்போதோ உருவி விற்றாகிவிட்டது. முழுக் குழாயோடு இருப்பது ஒரே ஒரு போர். பேக்கரியை ஒட்டிய சந்தில் இருக்கும் நாத்தனாரின் போர். தெரு முழுக்கக் குடிப்பது அதில்தான். மோட்டாரைத் தூக்கும்போது பிடி நழுவி உள்ளே விழுந்தால் நானூறு அடி ஆழத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் அந்தப் போரும் போச்சு. நாளை காலையில் பேக்கரிக்கும் தண்ணீர் கிடையாது, தெருவுக்கும் கிடையாது.

மோட்டாரக்கா இதை மறைக்காமல் சொன்னாள். பேக்கரிக்காரர் எதற்கும் "பார்த்துக்கலாம்" என்கிறவர், அன்றைக்கு அவர் வாயிலிருந்து அதுகூட வரவில்லை.

நாத்தனார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தேய்ச்சது நான். என் கிணத்தையே தூக்குங்க அண்ணி."

அவ்வளவுதான், தெரு பற்றிக்கொண்டது. மூன்று கால் இரும்புச் சட்டத்தைப் போருக்கு மேல் நிறுத்தி, பாரம் தூக்கும் செயின் பிளாக்கை மாட்டியபோது மணி பதினொன்றே முக்கால். தையல்காரர் கடையை அப்படியே திறந்துபோட்டுவிட்டு ஓடி வந்தார். சலூன்காரர் பாதி முகம் மட்டும் மழித்திருந்த வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இத்தனை வருடமும் தண்ணீர் வரிசையில் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிச் சண்டை போட்ட ஜனம், இன்றைக்கு ஒரே சங்கிலியைச் சேர்ந்து இழுத்தது.

முதல் குழாய் மேலே வந்தது. இரும்புக் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பிடித்து நிறுத்தி, ரெஞ்சால் மோட்டாரக்கா கழற்றினாள். உள்ளேயிருந்த தண்ணீர் பொளேரென்று கொட்டியது. அதையும் வீணாக்காமல் நாலு பேர் வாளி பிடித்தார்கள். கழுத்தில் சூட்டுக்கோல் தேதி பளிச்சென்று இருந்தது. போன மாதம்.

"எங்க வைக்கிறது அக்கா?" என்றார் பேக்கரிக்காரர்.

மோட்டாரக்கா தெருவை ஒரு பார்வை பார்த்தாள். இந்தக் கோடியில் பேக்கரி, அந்தக் கோடியில் மன்றம். "மன்றத்து வாசப்படியில கொண்டு போய் வைங்க. அடுத்தது அதோட வாலைத் தொட்டு. அப்படியே வரிசையா இந்தப் பக்கம் வாங்க."

ஒன்று, இரண்டு, மூன்று. பத்துக் குழாய் வந்தபோது தெருவின் கால்வாசி நிறைந்திருந்தது. ஒவ்வொன்று வரும்போதும் நாத்தனார் துணியால் கழுத்தைத் துடைத்துத் தேதியை உரக்கப் படித்தாள், அதைக் கேட்டுத் தெருவே திருப்பிச் சொன்னது. ஒரே வருடத்தில் நாலு குழாய் இறங்கியிருந்த வருடமும் இருந்தது. அந்த வருடம்தான் பதினாலு குடும்பமும் போனது என்று யாரோ சொன்னார்கள். மோட்டாரக்காவின் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது, ஆனாலும் சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. தன் கையெழுத்து மண்ணுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எழுந்து வருவதைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது.

இன்ஜினியரும் வேடிக்கை பார்க்க வந்து, சட்டையில் சேறு படாத தூரத்தில் நின்றார். "தேதி நீங்களே சுட்டதுதானே? அதை எப்படி நம்புறது?" என்று ஒரு தடவை கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. ஆனால் அந்தக் கேள்வி மோட்டாரக்காவின் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. நியாயமான கேள்விதான், அதிகாரியும் கேட்பார்.

மணி ஒன்று ஐம்பது. இருபத்திரண்டாவது குழாய் பாதி மேலே வந்திருந்தபோது கிளாம்ப் கிறீச்சிட்டது. குழாயில் பாசி. பிடி வழுக்கி, மொத்தமும் கீழே ஒரு முழம் இறங்கியது. காப்புக்காகக் கட்டியிருந்த நைலான் கயிறு மோட்டாரக்காவின் உள்ளங்கையை உரித்துக்கொண்டு ஓடியது.

"கயிறு, கயிறைப் பிடிங்க."

பேக்கரிக்காரர் பாய்ந்தார், தையல்காரர் பாய்ந்தார், பாதி மழித்த முகம் பாய்ந்தது. எல்லோருக்கும் முன்னால் கயிற்றில் விழுந்தது இஸ்திரிச் சட்டை. இன்ஜினியர் இரண்டு காலையும் சுவரில் முட்டுக்கொடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். தன் கட்சி எது என்று யோசிக்க அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. கயிறு நின்றது.

"பாசியைத் துடை. கிளாம்ப் கடிக்கணும். சீக்கிரம்."

நாத்தனார் மண்டி போட்டுக் குழாயை அழுத்தித் துடைத்தாள். உப்புத்தாள் போட்டுக் கதவைத் தேய்த்த அதே கை, அதே வெறி. துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"அண்ணி. இதுல என்னமோ அச்சடிச்சிருக்கு."

"தேதிதான்டி. துடை."

"உங்க தேதி இல்லை. வேற."

கிளாம்ப் கடித்துக்கொண்டது. மோட்டாரக்கா குனிந்து பார்த்தாள். சுட்ட தேதிக்குக் கீழே, குழாய் வார்க்கும்போதே பதித்த எழுத்து, நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. அதைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் லாரி வந்து நின்றது. வீட்டுக்கு வீடு முணுமுணுப்பு ஏறிக்கொண்டிருந்த சமயம். ஆறு குழாயை இறக்கிப் போட்டுவிட்டு, யாரிடமும் கையெழுத்துகூட வாங்காமல் லாரி போய்விட்டது. அவள் மறுநாளே அதைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டாள். அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"தம்பி, நீங்க படிச்சவர்" என்றாள் இன்ஜினியரிடம். "இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

இன்ஜினியர் குனிந்தார். உள்ளங்கையில் அவருக்கும் தோல் உரிந்திருந்தது. தெரு காத்திருந்தது. "நீர் வாரியம்" என்று மெதுவாகப் படித்தார். "நீர்மட்டம் தாழ்ந்த ஊர்களுக்கான இலவச உதவி." அதற்குக் கீழே வருடமும் இருந்தது, மோட்டாரக்கா சுட்டிருந்த அதே வருடம். அதையும் படித்தார்.

தெருவில் எழும்பிய கூச்சலுக்குப் பேக்கரிக் கூரையிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. அடுத்த ஐந்து குழாயிலும் அதே எழுத்து. மிச்சமிருந்த குழாய்கள் எப்படி மேலே வந்தன என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது, பறந்து வந்தன என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி எட்டும் ஒரே தேதி, பெரிய குழாய் திறப்பதற்கு ஐந்து வருடம் முன்பு போர் போட்ட நாளின் தேதி. எட்டாவதன் நுனியில் மோட்டார் சேறும் நீருமாகத் தொங்கியது. மணி இரண்டு நாற்பது.

அதிகாரி மன்றத்து வாசலுக்கு வந்தார். அவர் காலடியில் முதல் குழாய். அங்கிருந்து தெரு நெடுக, தையல் கடையைத் தாண்டி, சலூனைத் தாண்டி, பேக்கரிச் சந்து வரை ஒரே கோடாகக் கிணறு படுத்திருந்தது. அவர் குழாயை ஒட்டியே நடக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு கழுத்திலும் குனிந்து தேதி பார்த்தார், சிலவற்றை இரண்டு தடவை பார்த்தார். வாரியத்தின் எழுத்து வந்ததும் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்.

"இது யார் முத்திரை?"

"எங்க முத்திரைதான் சார்" என்றார் இன்ஜினியர். சட்டை முழுக்கச் சேறு. "நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி. எனக்கு உண்மையிலேயே தெரியாது."

"உங்களுக்குத் தெரியாது. வாரியத்துக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் அதிகாரி, அவ்வளவுதான்.

சந்துக்குள் வந்தார். பழைய எட்டுக் குழாயும் அந்தச் சந்துக்குள்ளேயே அடங்கியிருந்தன. "பெரிய குழாய் திறக்கிற வரைக்கும் இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார். அஞ்சு வருஷமா ஒண்ணுகூடக் கூட்டலை" என்றாள் மோட்டாரக்கா. "மிச்சம் முப்பத்திரண்டும் அதுக்கப்புறம். நீங்க நடந்து வந்தது பூரா."

அதிகாரி திரும்பித் தெருவைப் பார்த்தார். வெயிலில் நானூறு அடி நடந்திருக்கிறார், முகமெல்லாம் வியர்வை. "கொஞ்சம் குடிக்கத் தண்ணி கிடைக்குமாம்மா?" என்று நாத்தனாரிடம் கேட்டார்.

கொட்டிய நீரைப் பிடித்த வாளிகளில் இருந்தது எல்லாம் சேற்றுத் தண்ணீர். நாத்தனார் தெருவைக் கை காட்டினாள்.

"எங்களுக்கு இருந்தது இந்த ஒரு கிணறுதான் சார். அதைத்தான் பிரிச்சு உங்க முன்னாடி போட்டிருக்கோம்."

அதிகாரி அங்கேயே, மோட்டார் அறையின் நீலக் கதவில் காகிதத்தை வைத்து எழுதினார். பெயிண்ட் காயவில்லை என்று யாரும் சொல்லும் முன் எழுதி முடித்துவிட்டார். எழுதியதைச் சத்தமாகப் படித்தார். எண்பது அடியிலிருந்து நானூறு அடி. பாதிப்பு நிரூபணம். இந்தத் தெருவுக்குக் கிளைக்குழாய், அறுபது நாளுக்குள். மணி இரண்டு ஐம்பத்தைந்து.

பேக்கரிக்காரர் அழுதுவிட்டார். சலூன்காரர் தன் வாடிக்கையாளரைக் கட்டிப்பிடித்து, மழிக்காத கன்னத்தில் முத்தம் கொடுத்தார். தெரு முழுக்க ஒரே ஆரவாரம். மோட்டாரக்கா மட்டும் ரெஞ்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கொண்டாட்டம் அப்புறம். நாப்பதையும் திரும்ப உள்ள இறக்கணும். பழசு முதல்ல."

அதிகாரியின் வண்டி கிளம்ப முடியவில்லை, குழாய்கள் தெருவை அடைத்துக் கிடந்தன. நகர்த்தச் சொல்லட்டுமா என்று டிரைவர் கேட்டார். "வேண்டாம், தண்ணி வரட்டும்" என்று அதிகாரி தையல் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். இன்ஜினியர் போய்க் கயிற்றுப் பக்கம் நின்றார். மோட்டாரக்கா அவரைப் பார்த்தாள். "கைக்குத் துணி சுத்திக்கோங்க தம்பி" என்றாள்.

ஐந்தரை மணிக்கு, வெயில் இன்னும் இருக்கும்போதே, நாத்தனார் சுவிட்சைப் போட்டாள். முதலில் காற்று. பிறகு செம்மண் கலங்கல். எல்லோரும் குழாய் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலங்கல் வெளுத்தது, வெளுத்தது கண்ணாடியாகத் தெளிந்தது.

நாத்தனார் ஒரு டம்ளரில் பிடித்தாள். ஸ்டூலிலிருந்து அதிகாரி எழுந்தார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். இரண்டு நாளாகக் குளிக்காமல், உரிந்த கையோடு சுவரில் சாய்ந்திருந்தவளிடம் டம்ளரை நீட்டினாள்.

"முதல்ல நீங்க குடிங்க அண்ணி. அவருக்கு அப்புறம்."

மோட்டாரக்கா அண்ணாந்து முழுக்கக் குடித்தாள். குடித்துவிட்டுக் காதிலிருந்து பென்சிலை எடுத்து, அதிகாரியின் காகிதம் ஒட்டிப் பிய்ந்திருந்த நீலக் கதவில் அன்றைய தேதியையும் நாற்பது என்ற எண்ணையும் எழுதினாள். பென்சிலை நாத்தனாரிடம் கொடுத்தாள்.

"பத்திரமா வச்சுக்கோ. இனிமே குழாய் கூட்டுற வேலையில்லை, இது எனக்கு வேண்டாம்."